மாவுக்கட்டு மலை

மலை படியிறங்காது என்று அக்காதான் கண்டுபிடித்தாள்.

அளவுநாடாவின் ஒரு முனையை அத்தான் பிடித்திருந்தார். மறுமுனையோடு அக்கா படிக்கட்டுத் திருப்பத்தில் குனிந்து நின்றாள். நான் மூன்றாவது மாடி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எட்டடிப் பலகை இதுல திரும்பாதுடா. நிக்க வெச்சாலும் திரும்பாது, சாய்ச்சு வெச்சாலும் திரும்பாது."

"லிஃப்ட் கம்பெனியில வேலை," என்றார் அத்தான். "குடியிருக்கிறது லிஃப்ட் இல்லாத வீடு. கட்டினது படியிறங்காத மலை. மச்சான், உன் டிகிரிய ஒரு தடவை கண்ணுல காட்டேன். ஒரிஜினலான்னு பாத்துக்கிறேன்."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அக்கா.

நான் லிஃப்ட் கம்பெனியில் வரைபடம் போடுகிறவன். மில்லிமீட்டரில்தான் பிழைப்பு. சொந்தப் படிக்கட்டை அளந்ததில்லை. அளக்க வேண்டிய தேவை வராதபடி செய்திருந்தேன். அந்தப் பலகை என் பொம்மை ரயில் ஓடுவதற்கானது. பார்வைக்குத்தான் எட்டடி. உண்மையில் அது நாலடிக்கு நாலடியாக இரண்டு பலகைகள். அடியில் இரண்டு போல்ட்டுகள். தண்டவாளத்தையும் அந்த இணைப்புக் கோட்டிலேயே வெட்டி, நகர்த்தக்கூடிய சின்னத் தகடு போட்டிருந்தேன். போல்ட்டைக் கழற்றித் தகட்டை நகர்த்தினால் பலகை இரண்டாகிவிடும். இரண்டு பேர், இரண்டு நடை. வேலை முடிந்தது.

ஆனால் மலை அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி.

மலையைக் கட்டியவள் என் மனைவி. அவள் போய் பதினொரு மாதம் ஆகிறது.

வீட்டுக்காரருக்கு வீடு வேண்டும். அவர் மகள் குடும்பத்தோடு திரும்பி வருகிறாள். மாதக் கடைசிக்குள் காலி செய்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன், அங்கே எனக்கு ஓர் அறை உண்டு. எட்டடிப் பலகைக்கு இல்லை. பலகை போகவேண்டிய இடம் வேறு. அவள் வேலை பார்த்த எலும்பு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் காத்திருக்கும் மூலை ஒன்று இருக்கிறது. ரயிலை அங்கே கொண்டுவந்து வைப்பதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். பெரிய டாக்டர் மேஜைகூடச் செய்து வைத்துவிட்டார்.

நாலு நாள் இருந்தது.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே," என்றாள் அக்கா. "ரயில், தண்டவாளம், வீடு, மரம் எல்லாம் எடுத்துக்கலாம். மலைய மட்டும் உடைச்சிடலாம். அங்க போய்ப் புதுசா ஒண்ணு கட்டிக்கோ. மாவும் காகிதமும்தானே."

"ஆமா," என்றேன்.

"உடைக்கட்டுமா?"

"வேண்டாம்."

அவள் நாடாவைச் சுருட்டினாள்.

*

இந்த ரயில் பைத்தியம் எனக்குக் கல்லூரி நாளிலிருந்து. அசல் ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. எஞ்சினும் தண்டவாளமும் வாங்குவதிலேயே கையைக் கடித்துவிடும். அதனால் என் ரயில் பல வருடம் வெறும் பிளைவுட்டின் மேலேயே ஓடியது. கல்யாணமான புதிதில் அவள் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள்.

"இது எங்க போகுது?"

"சுத்துது."

"சுத்துறது தெரியுது. எங்க போகுது?"



கடைகளில் தயார் மலை கிடைக்கும், பாறை கிடைக்கும், டப்பாவில் புல் கிடைக்கும். விலையைக் காட்டினேன். ஒரு சாண் பாறைக்கா இவ்வளவு என்று வாயைப் பிளந்தாள். மறுநாள் வேலையிலிருந்து வரும்போது ஒரு பை நிறைய மாவுக்கட்டுச் சுருள்கள்.

அவளுக்கு மாவுக்கட்டு அறையில் வேலை. கை கால் முறிந்து வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவாள். கூடிய பிறகு பிரிப்பாள். மாவு தோய்ந்த அந்தத் துணிச் சுருள்களுக்குத் தேதி உண்டு. தேதி தாண்டிவிட்டால் ஆளுக்குப் போடமாட்டார்கள், இறுக்கம் நம்பும்படி இருக்காது. குப்பைக்குத்தான் போகும். பெரிய டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

"மனுஷனுக்குத்தான் தேதி முடிஞ்சிடுச்சு," என்றாள். "மலைக்கு என்ன கேடு?"

அப்படித்தான் ஆரம்பித்தது. பழைய செய்தித்தாளைக் கசக்கி உருண்டையாக்கிக் குவிப்போம். அட்டைப்பெட்டியை விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, கூடை முடைவதுபோல அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுவோம். சுருளைச் சாண் நீளத்துக்கு வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் விடவேண்டும். குமிழி நின்றதும் எடுத்து, லேசாகப் பிழிந்து, பின்னலின் மேல் விரித்து உள்ளங்கையால் நீவவேண்டும். ஐந்தாறு நிமிடத்தில் இறுகிவிடும். இறுகும்போது சூடேறும்.

"தொட்டுப் பாரு," என்பாள். "மலைக்குக் காய்ச்சல்."

நான் விரித்தால் சுருக்கம் விழும். அதைப் பார்த்து, "இது கட்டு இல்ல, குளிச்சிட்டுப் போட்ட துண்டு," என்பாள். அவள் கையில் ஒரு சுருக்கம் விழுந்து நான் பார்த்ததில்லை.

பாறைக்கு அச்சு வாங்கவில்லை. மதியச் சாப்பாடு சுற்றிவந்த அலுமினியத் தாளைக் கசக்கி, பாதி பிரித்து, அதில் மாவைக் கூழாகக் கரைத்து ஊற்றுவோம். முக்கால்வாசி இறுகியதும் சரிவில் ஒட்ட வைத்து அழுத்திப் பிடித்துவிட்டு, தாளை உரித்தால் பாறை. ஒன்றைப் போல இன்னொன்று வராது. மண்ணுக்குத் தேயிலைச் சக்கை, காயவைத்துச் சலித்தது. புதருக்குப் பாத்திரம் தேய்க்கும் பஞ்சு, பச்சை நிறத்தில் முக்கி, பிய்த்தது. வண்ணம் என் பங்கு. முதலில் ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு கரண்டி கறுப்பு மை. அது தானே வழிந்து விரிசல்களில் போய்த் தங்கும். பிறகு தண்ணீராக ஒரு காவி. கடைசியில் துடைத்த தூரிகையில் கொஞ்சம் வெள்ளை, மேடுகளில் மட்டும். வெள்ளைக் கட்டி கண்ணெதிரே கல்லாகும். அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் எதை அடுப்பில் வைத்திருந்தாலும் அணைத்துவிட்டு வந்து நிற்பாள்.

சின்னக் குன்றுகள், கரை, பாலத்தடி எல்லாம் இப்படிச் சேர்ந்து செய்தவை. பெரிய மலையை மட்டும் அவள் தனியாகக் கட்டினாள். நான் ஒரு வாரம் வெளியூர் வேலையாகப் போயிருந்தேன். வந்து கதவைத் திறந்தால் மலை நிற்கிறது. இரண்டடி உயரம். உள்ளே சுரங்கம். கறுப்பு அட்டையில் சுரங்கத்துக்கு உள்சுவர்கூட வைத்திருந்தாள். வண்ணமும் அவளே தீட்டிவிட்டாள். உச்சியிலிருந்து அடிவாரம் வரை முன்பக்கம் ஓர் ஒற்றையடிப் பாதை, ரூலர் வைத்துக் கிழித்ததுபோல.

"ஜாயிண்ட் மேல கட்டியிருக்கே."

"சுரங்கம் நடுவுல இருந்தாத்தான் அழகு."

"நாளைக்கு வெளிய எடுக்கணும்னா?"

"எடுக்கிற அன்னைக்குச் சொல்றேன்."

"அப்புறம் இது என்ன பாதை? எந்த மனுஷன் இப்படிச் செங்குத்தா ஏறுவான்? வளைஞ்சு வளைஞ்சு போக வேணாமா? பக்கத்துல ஒரு பாறைகூட இல்ல."

"அவசரத்துல போறவன் ஏறுவான், இன்ஜினியர் சார்."

நான் இரண்டு நாள் பேசினேன். திட்டமிடல், எடை, இணைப்பு, எதிர்காலம் என்று என்னென்னவோ. அவள் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள், கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். "சொல்லி முடிச்சாச்சா?" என்று ஒருமுறை கேட்டாள். நான் முடிக்கவில்லை. மூன்றாம் நாள் அலுத்துப்போய் விட்டுவிட்டேன். பலகையைச் சுவரோடு தள்ளி வைத்தோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, வேலைக்குக் கிளம்பும்போது தலை வலிக்கிறது என்றாள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

நான் அழவில்லை என்று எல்லோருக்கும் கவலை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். வேலைக்குப் போனேன். வந்தேன். நினைத்துப் பார்க்க எவ்வளவோ இருந்தது. மனம் அந்தச் சண்டைக்குத்தான் போனது. ஒவ்வொரு தடவையும் நான் சொன்னதுதான் சரியாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

*

வெள்ளிக்கிழமை ரம்பம் வைத்துப் பார்த்தேன். இரும்பு அறுக்கும் ரம்பம், பல் சின்னது. ஓரத்தில் ஒரு சின்னச் சரிவைத் தேர்ந்தெடுத்து இரண்டு இழுப்பு இழுத்தேன். மாவு பொடியாக உதிர்ந்தது. மூன்றாம் இழுப்பில் ஒரு விரிசல் கைக்கு எட்டாத இடம் வரை ஓடிப்போய் நின்றது. கட்டைவிரல் அளவு பாறை ஒன்று தரையில் விழுந்தது.

அடுத்த அறையில் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்த அக்கா வந்து பார்த்தாள்.

"போதும்டா," என்றாள்.

பாறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மாவுக்கட்டு அறையின் மூத்த ஆள். அவளுக்கு வேலை பழக்கியவர். எந்நேரமும் முழங்கை வரை வெள்ளையாக இருப்பார் என்பதால் அவள் வைத்த பெயர் சுண்ணாம்பு அண்ணன். அவளுக்கு அண்ணன் என்பதால் எனக்கு மாப்பிள்ளை முறை கொடுத்துவிட்டார். கல்யாணத்தில் சண்டை போட்டு அண்ணன் இடத்தில் நின்றவர்.

"அண்ணே, ரயில் வரும். மலை வராது."

"ஏன், மலைக்கு என்ன கோபம்?"

சொன்னேன். படிக்கட்டு, இணைப்பு, ரம்பம், விரிசல்.

"ரம்பம் வெச்சீங்களா?" அவர் குரல் மாறியது. "மாப்ள, மலை எதால கட்டினது?"

"உங்க சுருள்தான்."

"அப்ப அது மாவுக்கட்டு. மாவுக்கட்ட யாராச்சும் மரம் அறுக்கிற மாதிரி அறுப்பாங்களா? கைய வெக்காதீங்க. ஞாயித்துக்கிழமை காலையில நான் வரேன். பேஷண்ட பட்டினி போட வேண்டாம்னு சொல்லுங்க, மயக்க ஊசி கிடையாது."

*

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தார். கையில் ஒரு நீலப் பெட்டி. மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது.

"லிஃப்ட் கம்பெனி மாப்பிள்ளைன்னு பேரு," என்றார் அத்தானிடம்.

"அதைத்தாங்க நானும் சொல்றேன்," என்றார் அத்தான். ஒரு நிமிடத்தில் இருவரும் கூட்டாளிகளாகிவிட்டார்கள்.

பெட்டியிலிருந்து கைக்கு அடக்கமாக ஒரு மிஷினை எடுத்தார். முனையில் வட்டமாக ஒரு பல்சக்கரம். அக்கா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"பயப்படாதீங்கம்மா. இது சுத்தாது. நடுங்கும், அவ்வளவுதான். இறுகினதை வெட்டும், மெத்துனு இருக்கிறத விட்டுடும்." சொல்லிவிட்டு அதை ஓடவிட்டுத் தன் உள்ளங்கையில் வைத்தார். தோல் அதிர்ந்தது. கீறல்கூட விழவில்லை. "சின்னப் பிள்ளைங்களுக்கு இப்படிக் காட்டினாத்தான் காலை நீட்டுவாங்க. தங்கச்சி கன்னத்துல வெச்சுக் காட்டும். பெரிய டாக்டர் பாத்துட்டு ஒரு நாள் கத்தினாரு பாருங்க..."

மிஷினை அணைத்தார். மலையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார். தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தப் பாதை யார் போட்டது?"

"அவதான். வளைவே இல்லாம. சொல்லிப் பாத்தேன், கேக்கல."

"பக்கத்துல பாறையும் ஒட்டல."

"அதையும் சொன்னேன்."

"ம்," என்றார். "பின்னால எப்படி இருக்கு?"

பின்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. அது சுவரோடு இருந்தது. அத்தானும் நானும் பலகையை ஒரு முழம் முன்னால் இழுத்தோம். சுண்ணாம்பு அண்ணன் இடுக்கில் நுழைந்தார்.

"மாப்ள, இங்க வாங்க."

பின்பக்கத்துக்கு அவள் வண்ணம் தீட்டவில்லை. வெறும் வெள்ளை. உச்சியிலிருந்து நேராகக் கீழே ஒரு பென்சில் கோடு இறங்கியது. பாதையின் மறுபாதி. கோட்டின் பக்கத்தில் அவள் கையெழுத்தில் இரண்டு வரிகள்.

போட்ட தேதி என்று எழுதி, அந்த வாரத்துத் தேதி. அதன் கீழே, பிரித்த தேதி. அதற்கு எதிரே ஒன்றும் இல்லை.

"எங்க ரூமுல ஒவ்வொரு கட்டுலயும் இப்படி எழுதுவோம்," என்றார் அவர். "கோடு போட்டு வெப்போம். நாளைக்குப் பிரிக்கிறவன் வேற ஆளா இருந்தா அவனுக்குத் தெரியணுமில்ல, எங்க வெட்டணும்னு. போடும்போதே பிரிக்கிற எடத்த யோசிச்சிடணும். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். முன்னால பென்சில் தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்னு பாதையாப் போட்டிருக்கு."



அவர் காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார். "தேதிய எழுதுங்க மாப்ள. எழுதாம பிரிச்சா பெரிய டாக்டர் திட்டுவாரு."

"இன்னைக்கு என்ன தேதி?" என்றேன். எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன்.

அக்கா சொன்னாள். குறுகலான இடம், கை சரியாக வளையவில்லை. அவள் எழுத்துக்குப் பக்கத்தில் என் எழுத்து கோணலாக விழுந்தது.

பிறகு அவர் வெட்டினார். ஒரே இழுப்பாக இல்லை. அழுத்தி, எடுத்து, ஓர் அங்குலம் நகர்த்தி, மறுபடி அழுத்தி. பாதை வழியாக உச்சிக்கு ஏறி, பின்னால் கோட்டின் மேல் இறங்கினார். வெள்ளைத் தூள் பறந்து எல்லோர் தலையிலும் படிந்தது. அத்தான் ஒரே நாளில் கிழவரானார். அக்கா அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"எலும்பு எப்படிங்க இருக்கு?" என்று அத்தான் இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

"கூடிடுச்சு! நாளைக்கே நடக்கலாம்!"

மிஷின் நின்றது. நான் அடியில் படுத்துப் போல்ட்டைக் கழற்றினேன். தகடுகளை நகர்த்தினேன். அத்தான் ஒரு பக்கம், சுண்ணாம்பு அண்ணன் ஒரு பக்கம் பிடித்து மெதுவாக இழுத்தார்கள். எங்கேயாவது கிழியும் என்று காத்திருந்தேன்.

கிழியவில்லை. பெட்டி மூடி திறப்பதுபோல மலை இரண்டாகத் திறந்தது.

வெட்டுக்கு அடியில், கோடு நெடுக, இரண்டு விரல் அகலத்துக்குப் பஞ்சு வைத்திருந்தாள். பஞ்சுக்கு அடியில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைப் பட்டையாக வெட்டி விரித்திருந்தாள், மிஷின் தவறிப்போய்த் தண்டவாளத்தில் இறங்கிவிடாதபடி. அட்டைப் பின்னலில் ஒரு பட்டைகூடக் கோட்டைத் தாண்டவில்லை. இந்தப் பக்கத்துக்கு ஒரு கூடை, அந்தப் பக்கத்துக்கு ஒரு கூடை. சுரங்கத்தின் உள்சுவர்கூட ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு குழாய்கள். வழுக்கிக்கொண்டு பிரிந்துவிட்டன.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மாப்ள?"

"தோத்துட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்ததோ என்னவோ. பக்கத்தில் வந்து என் தலையில் படிந்த மாவைத் தட்டிவிட்டாள். தட்டத் தட்ட மூக்கில் ஏறியது. தும்மினேன். பிறகு கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. மாவு என்றுதான் சொன்னேன்.

சுண்ணாம்பு அண்ணன் ஃபிலிம் பட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பாதி எலும்பு, கால்வாசி எழுத்து.

"யாரோடது?" என்றாள் அக்கா.

"தெரியலம்மா. கணுக்கால். வயசு நாற்பதுக்கு மேல இருக்கும்." திருப்பிப் பார்த்தார். "நல்லா கூடியிருக்கு."

பட்டையைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். சட்டைப் பையில், அந்தப் பாறைத்துண்டோடு வைத்துக்கொண்டேன். பாறையை அங்கே போய் ஒட்டவேண்டும். வெட்டின இடத்தை என்ன செய்வது என்று அவர் கேட்டார். ஒரே ஒரு சுருள் மிச்சமிருந்தது, பூசி மூடிவிடலாம்.

"வேணாம்ணே. ரெண்டையும் சேர்த்து வெச்சு மேல கொஞ்சம் தேயிலைத் தூள் தூவினாப் போதும். ஆஸ்பத்திரிக்கும் வெள்ளையடிப்பாங்க, இடம் மாத்துவாங்க. பிரிக்க வேண்டி வரும்."

"அப்ப பாதை?"

"அப்படியே இருக்கட்டும்."

முதல் பாதியை நானும் அத்தானும் நிமிர்த்திப் பிடித்தோம். வாசலைத் தாண்டினோம். சுரங்கத்தின் வாய் என் முகத்துக்கு நேராக இருந்தது. உள்ளே கறுப்பு அட்டை தெரிந்தது, அதற்கப்பால் படிக்கட்டின் ஜன்னல் தெரிந்தது.

"மெதுவா," என்று மேலிருந்து அக்கா கத்தினாள். "திருப்பம் வருது. கைய பாத்துக்கோ. இடது பக்கம், இடது பக்கம்! உனக்கு எப்பவும் இடது வலது தெரியாது!"

திரும்பினோம். சுவரில் உரசவில்லை. மலைக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடம் மிச்சமிருந்தது.

"மில்லிமீட்டர்ல எவ்வளவு மச்சான்?" என்றார் அத்தான், மூச்சு வாங்க.

"அளக்கல," என்றேன். "இறங்குங்க."